எஃகுக்கு ஜோடி

“நிறுத்துங்க! உடனே நிறுத்துங்க! அங்க ஒரு காதல் பாட்டு பிறந்துக்கிட்டு இருக்கு!”

பதிலுக்கு ஒரு கொத்துத் தீப்பொறிதான் பறந்து வந்தது.

இளங்கவி இரண்டடி பின்னால் குதித்தான். சாலையைக் கடந்து ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. தகரக் கூரை போட்ட அந்தப் பட்டறைக்குள், ஓர் ஆள் குனிந்து கட்டர் எந்திரத்தால் கம்பியை அறுத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை தோல் உறை. முகம் முழுக்க முகமூடி. பல்லைக் கூசவைக்கும் சத்தம்...

“ஐயா! பெரியவரே! உங்களைத்தான்!”

எந்திரம் ஓய்ந்தது. பெரியவர் நிமிர்ந்தார். முகமூடியைப் பிடித்து மேலே தூக்கினார்.

கண்கள்...

கவிஞன் என்பதால் இந்த இடத்தில் அவனுக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். கயல், குவளை, மான் என்று கையிருப்பு நிறையவே உண்டு. பத்து வருடமாக அவற்றைத்தான் அவன் முறை வைத்து மாற்றி மாற்றிப் போட்டுவந்தான். ஆனால் அப்போது ஒன்றுமே தோன்றவில்லை. புருவத்தில் இரும்புத்தூள் மின்ன, நெற்றியில் முகமூடியின் வார் பதிந்த சிவப்புக் கோட்டோடு, இரண்டு பெரிய கண்கள் அவனை ஏற இறங்கப் பார்த்தன. அளவெடுத்தன என்று சொல்வதுதான் சரி.

“பெரியவரா?” என்றாள் அவள்.

“இல்ல... வந்து... மன்னிக்கணும்...”

பின்னால் கம்பி அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

“என்னமோ பிறக்குதுன்னீங்களே. என்னது?”

“காதல் பாட்டு.”

“எத்தனை நாளா வலி?”

“ரெண்டு நாளா...” என்று உண்மையைச் சொல்லிவிட்டான். அவள் சிரிக்கவில்லை. அந்தக் கண்கள்தான் கொஞ்சம் சிரித்தன. அதற்கே இளங்கவிக்குக் காது சூடாகிவிட்டது.

“பாருங்க கவிஞரே, இது பட்டறை. இங்க இரும்பை அறுத்தா சத்தம்தான் வரும், சங்கீதம் வராது. உங்களுக்கு எப்ப அமைதி வேணும், சொல்லுங்க.”

“நான் கவிஞர்னு எப்படித் தெரியும்?”

“எதிர்ல ஒலிப்பதிவுக் கூடம். அங்கிருந்து வர்றவங்கள்ல வேலை செய்யறவங்க கையில ஒயர் இருக்கும். உங்க கையில நாலு பேனா இருக்கு.”

“ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் அமைதி...”

“சரி. நாலு மணிக்கு மேல பிறந்தா எங்க பொறுப்பில்ல.”

முகமூடி இறங்கியது. எந்திரம் மறுபடி அலறியது. அவன் சாலையைப் பாதி கடந்தபிறகுதான், ‘நன்றி’ என்ற சாதாரணச் சொல்கூடத் தன் வாயில் வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

* * *

இளங்கவி என்பது அவனே அவனுக்கு வைத்துக்கொண்ட பட்டம். இருபத்தொரு வயதில் வைத்தது. இப்போது முப்பத்தொன்று. பட்டத்தைப் புதுப்பிக்கும்படி இதுவரை ஒரு பாட்டும் வெளிவரவில்லை. கல்யாண வாழ்த்து, கடைத் திறப்பு, வேலையிலிருந்து ஓய்வு பெறுபவர்களுக்குப் பிரிவுபசாரக் கவிதை என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் இந்தப் படம் வந்தது. முதல் படம், முதல் பாட்டு.

வந்த பாட்டுக்குள் ஒரு பாறாங்கல்லும் சேர்ந்தே வந்தது.

மெட்டு போடும்போது இசையமைப்பாளர்கள் வாயில் வந்த ஏதோ ஒரு சொல்லைப் போட்டுப் பாடிவைப்பார்கள். அதற்கு டம்மி என்று பெயர். பிறகு பாட்டெழுதுபவர் வந்து அந்த டம்மியைத் தூக்கிப்போட்டுவிட்டு நல்ல சொல்லை உட்காரவைப்பார். இதுதான் தொழில் வழக்கம். அன்று கூடத்தில் குளிர்சாதனம் பழுதாகி, ஜன்னலைத் திறந்துவைத்திருந்தார்கள். எதிரே பட்டறையின் பெயர்ப்பலகை. மழையிலும் வெயிலிலும் மற்ற எழுத்தெல்லாம் உதிர்ந்துபோய் ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: எஃகு. இசையமைப்பாளர் அதைப் பார்த்தபடியே பாடினார்:

“எஃகு... தனனான எஃகு...”

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். உலகத் தரம் என்பதை ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை சொல்பவர் அவர்.

“அந்தச் சொல்! அதை யாரும் தொடக்கூடாது! காதலே வேண்டாம்னு இருக்கிற பொண்ணு... அவ மனசு எஃகு! உலகத் தரம்யா! இது உலகத் தரம்!”

டம்மி நிரந்தரமாகிவிட்டது. வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனான கதைதான். இனி அந்த எஃகுக்கு எதுகை கண்டுபிடிக்க வேண்டும். முதல் அடியில் இரண்டாவதாக ஒலிப்பது அடுத்த அடியிலும் இரண்டாவதாக ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான். ‘காலை’ வந்தால் ‘சோலை’ கூடவே வந்துவிடும், கூப்பிடக்கூட வேண்டாம். ஆனால் எஃகு? அதன் நடுவில் அடைத்துக்கொண்ட மூச்சு மாதிரி ஓர் ஒலி. அதற்குச் சொந்தபந்தமே கிடையாது!

“திக்கு... மக்கு...” என்று ஆரம்பித்துப் பார்த்தான்.

“காதலியை மக்குங்கறியா? உனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம் தம்பி,” என்றார் இயக்குநர். “முடியலைன்னா சொல்மலை ஐயாகிட்டப் போறேன். அவர் எழுதி முடிச்சுட்டேன்னு ஏற்கெனவே போன் பண்ணிட்டார்.”

சொல்மலை, பெயருக்கேற்ப, மூத்த கவிஞர். வெயிலிலும் பொன்னாடையோடு இருப்பவர். அன்று மாலை இளங்கவியைத் தானே கூப்பிட்டுத் தன் எதுகையைப் பெருந்தன்மையோடு காட்டினார்.

“எஃகு... வெஃகு... அஃகு! மூன்றே சொல். தமிழ் முடிந்தது. நானும் முடித்துவிட்டேன்.”

“வெஃகுன்னா என்னங்கய்யா?”

“ஆசைப்படு என்று பொருள். ரசிகன் அகராதி வாங்கிக்கொள்ளட்டும்.”

“கதாநாயகி அந்த இடத்துல ‘வெஃகு’ன்னு பாடினா, தும்மிட்டான்னு நினைச்சுக்குவாங்களேய்யா...”

மலை பொன்னாடையை உதறிப் போர்த்திக்கொண்டு எழுந்துவிட்டது. வெளியே வந்த இளங்கவிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்த மனிதர் ஜெயித்துவிடுவார். வெள்ளிக்கிழமை மாலை இந்தப் பாட்டு அவர் பாட்டாகிவிடும். தான் மறுபடி கடைத் திறப்புக் கவிஞன்...

* * *

புதன்கிழமை சரியாக இரண்டு பத்துக்குக் கட்டர் அலறியது.

“போய் நிறுத்திட்டு வா தம்பி,” என்றார் இசையமைப்பாளர். அவன் ஏற்கெனவே படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தான். ஏன் இவ்வளவு வேகம் என்று அவனே அவனைக் கேட்டுக்கொண்டான்.

“ரெண்டு மணிக்கு நிறுத்தறேன்னீங்க!”

“நேத்துதானே சொன்னேன்? இன்னிக்குன்னு சொல்லலையே.” முகமூடி மேலே போனது. மறுபடி அந்தக் கண்கள்... அய்யோ. “என்ன, பிறந்துச்சா?”

“இல்ல. குறுக்கே உங்க பெயர்ப்பலகை நிக்குது.”

நடந்ததையெல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் தோல் உறையைக் கழற்றிவிட்டு, ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். இந்தத் துன்பத்தை இவ்வளவு கவனமாக இதுவரை யாரும் கேட்டதில்லை. கல்யாண வாழ்த்துக்கு முன்பணம் கொடுத்தவர்கள்கூட.

உள்ளேயிருந்து அவளுடைய அப்பா வந்தார். கழுத்தில் அளவு நாடா. பட்டறைச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் பக்கத்தில் இருப்பவரிடமும் அடுத்த தெருவில் நிற்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

“யாரும்மா தம்பி? கேட் போடணுமா?”

“இல்லப்பா. கவிஞர்.”

“அடப்பாவமே. ஜன்னலாவது போடுவாரா?”

“பாட்டு எழுதறாருப்பா. எஃகைப் பத்தி!”

“எஃகைப் பத்தியா!” அவர் முகம் மலர்ந்தது. “எத்தனை எம்.எம்.?”

வியாழக்கிழமையும் அப்படித்தான். இரண்டு ஐந்துக்கே கட்டர் அலற, இரண்டு ஆறுக்கு அவன் பட்டறையில் இருந்தான். அவன் வாய் திறப்பதற்குள் வானம் திறந்துகொண்டது. மழை என்றால் அப்படியொரு மழை! தகரக் கூரை மேல் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கைதட்டுவதுபோல... முற்றத்தில் வெல்டிங் செய்துகொண்டிருந்தவர்கள் ஒயரைச் சுருட்டிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினார்கள். அப்பா கேட் பொருத்தும் வேலைக்காக வெளியே போயிருந்தார். கூரையின் கீழே, கம்பிக் கட்டுகளுக்கு நடுவில், அவனும் அவளும்.

கூரை விளிம்பிலிருந்து நீர் இழை இழையாக இறங்கியது. சாரலில் அவள் நெற்றி முடி நனைந்து ஒட்டிக்கொண்டது. அதை ஒதுக்கப் போய், கையிலிருந்த கரியைக் கன்னத்தில் இழுத்துக்கொண்டாள். அவனுக்குச் சொல்லத் தோன்றியது... சொல்லவில்லை. அந்தக் கரிக்கோடு அங்கேயே இருக்கட்டும் என்றிருந்தது.

“நானும் ராத்திரி யோசிச்சேன்,” என்றாள் மழைக்கு மேல் குரல் கொடுத்து.

“என்னையா?”

“எஃகை!”

“ஓ... சொல்லுங்க.”

“கேட்டுட்டு சிரிக்கக் கூடாது. எஃகு... பாக்கு. எஃகு... நாக்கு. எஃகு... முக்கு!”

“முக்குல என்ன இருக்கு?”

“டீக்கடை இருக்கு. கதாநாயகன் அங்க நிக்கலாம்ல?”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும்தான். சிரித்து முடித்ததும் சட்டென்று இருவருக்கும் வெட்கம் வந்து, ஆளுக்கொரு பக்கம் மழையைப் பார்த்தார்கள்.

“ஒண்ணு சொல்லட்டுமா கவிஞரே?” என்றாள் மழையைப் பார்த்தபடியே. “எங்க வேலையில ரெண்டு துண்டு நேரா ஒட்டலேன்னா, அதே மாதிரி மூணாவது துண்டு எங்க கிடைக்கும்னு ஊரெல்லாம் அலைய மாட்டோம். நடுவுல வேற ஏதாவது வெச்சு சேர்த்துடுவோம். எஃகுக்கு ஜோடி ஒரு சொல்லாத்தான் இருக்கணுமா?”

“பின்ன?”

அவள் எழுந்தாள். கூரைக் கம்பியில் ஒரு கொக்கி. கொக்கியில் ஒரு முழ நீளத்துக்கு ஓர் எஃகுத் தகடு தொங்கியது. கையில் ஒரு சின்னச் சுத்தியல்.

“சரக்கு வாங்கும்போது இப்படித்தான் பார்ப்போம். விரிசல் இருந்தா சத்தத்திலேயே தெரிஞ்சுடும். கேளுங்க.”

தட்டினாள்.

டங்ங்ங்...

மழைச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு அந்த ஒலி போய்க்கொண்டே இருந்தது. அவனுடைய நெஞ்சுக்கூட்டுக்குள் போய், ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி வந்தது.

“எஃகுன்னு சொல்லிட்டு, இதை வைங்க,” என்றாள். “சொல்லு எதுக்கு? அதுவே பதில் சொல்லுது பாருங்க.”

“எஃகு... என் நெஞ்சம் எஃகு...” அவன் பாடினான்.

டங்ங்ங்!

“எவர் வந்து தட்டினும் எஃகு!”

டங்ங்ங்!

இளங்கவிக்குத் தலைமுடி சிலிர்த்தது. உட்கார்ந்துவிட்டது! நான்கு நாளாக நிற்கவும் மாட்டேன், உட்காரவும் மாட்டேன் என்று அடம்பிடித்த சொல், தன் ஜோடியைப் பார்த்ததும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிட்டது! சட்டைப்பையிலிருந்த நான்கு பேனாவில் மூன்று எழுதவில்லை. நான்காவது கசிந்தது. பரவாயில்லை!

“அடுத்தது... அடுத்தது... அந்தப் பொண்ணு மனசு மாறணும். எஃகு மாறுமா? உருகுமா? உருகறதுன்னா எல்லாரும் எழுதிட்டாங்களே...”

“உருக்க வேணாம்,” என்றாள் அவள். “கையை வைங்க.”

“எங்க?”

“தகட்டு மேல.”

வைத்தான். குளிர்ந்திருந்தது.

அவள் தட்டினாள்.

டக்.

அவ்வளவுதான். ஒலியே இல்லை. உள்ளங்கைக்குள் மட்டும் ஏதோ ஒன்று துடித்து, அடங்கியது.

“பார்த்தீங்களா? யாரு எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் கத்தும். ஒரு கை சும்மா மேல பட்டா போதும்... பேச்சே இருக்காது.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். அவன் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தகடு பேசவில்லை. மழை நின்றுகொண்டிருந்தது... எப்போது நிற்க ஆரம்பித்தது என்று இருவருக்கும் தெரியாது.

அவன் எழுதினான்:

எஃகு... என் நெஞ்சம் எஃகு!
எவர் வந்து தட்டினும் எஃகு!
உள்ளங்கை ஒன்றை நீ வைத்தாய்...
ஓசை எங்கே போச்சு?

“இதுல உங்க வரி எது, என் வரி எதுன்னே தெரியல,” என்றான் மூச்சுமுட்ட.

“நான் என்ன வரியா எழுதினேன்? தட்டினேன். போங்க, போய்ப் பாடிக் காட்டுங்க!”

அவன் சேற்றில் வழுக்கி, சமாளித்து, சாலையைக் கடந்து ஓடினான். அவள் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைக்க மறந்து, அவன் படியேறி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

* * *

வெள்ளிக்கிழமை காலை ஒலிப்பதிவு. இயக்குநர் வரிகளைக் கேட்டுவிட்டு ஒரே வாக்கியத்தில் மூன்று முறை உலகத் தரம் என்றார். அவர் வாழ்நாளில் அதுதான் அதிகபட்சம் என்று பிறகு சொன்னார்கள்.

கணினியிலிருந்து எடுத்த ‘டங்’, பிளாஸ்டிக் வாளியைத் தட்டியதுபோல இருந்தது. அதனால் அவளையே வரச்சொல்லிக் கேட்டார்கள். மூன்று தகடுகளைத் தூக்கிக்கொண்டு, முதல் முறையாக அவள் அந்தப் படிகளில் ஏறி வந்தாள். இரும்புத்தூள் இல்லாத முகம். கருநீலச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல்... இளங்கவி அவளைப் பார்த்திருந்தால் அன்றைக்குப் பல சங்கடங்கள் தவிர்ந்திருக்கும். அவன் பார்க்கவில்லை. அவன் முகத்துக்கு நேரே ஒரு கேமரா இருந்தது.

படத்தின் விளம்பரத்தைக் கவனிக்கும் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்: “சொல்லுங்க சார். பாட்டு பிறந்த கதை. இந்த எண்ணம் எங்க வந்துச்சு?”

பக்கத்தில் இயக்குநர் அவன் தோளில் கை போட்டிருந்தார். “சொல்லு தம்பி! தனியா உட்கார்ந்தா இப்படி ஊத்தெடுக்கிற ஆளைத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன். அடுத்த படத்துல அஞ்சு பாட்டும் உனக்குத்தான்!”

அஞ்சு பாட்டு!

அந்த ஐந்து பாட்டும் ஒன்றாகச் சேர்ந்து அவன் மூளையை மூடிவிட்டன. எந்தக் கவிஞனாவது தன் பாட்டு தகரக் கூரைக்குக் கீழே, கம்பிக் கட்டுகளுக்கு நடுவில், ஒரு பெண் சொல்லித்தந்து பிறந்தது என்று சொல்லியிருக்கிறானா? பாட்டென்றால் அதிகாலையில்தான் பிறக்க வேண்டும். பத்து வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேட்டி, தானாகவே வாயிலிருந்து கொட்டியது:

“அது ஓர் அதிகாலை... கடற்கரையில் நான் தனிமையில் நடந்துகொண்டிருந்தேன். ஓர் அலை வந்து பாறையில் மோதியது. அந்தக் கணத்தில்... என்னுள்ளே ஓர் எஃகு ஒலித்தது...”

அந்த ஊரிலிருந்து கடலுக்கு ரயிலில் எட்டு மணி நேரம்.

கதவருகே தகடுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. திரும்பினான். அவள் நின்றிருந்தாள். அந்தக் கண்களில் கோபம்கூட இல்லை. விரிசல் விட்ட சரக்கைப் பார்ப்பதுபோல ஒருமுறை அவனைப் பார்த்தாள். பிறகு தகடுகளோடு படியிறங்கிப் போய்விட்டாள்.

“ஏம்ப்பா, அந்த டங் எங்க போகுது?” என்று கத்தினார் இசையமைப்பாளர்.

* * *

இளங்கவி பட்டறைக்குள் நுழைந்தபோது அவள் கம்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். இஸ்திரிச் சட்டையோடேயே.

“வாங்க சார்,” என்றாள்.

கவிஞரே இல்லை. சார்!

“அது... கேமராவைப் பார்த்ததும்... என் வாய் அப்படித்தான். பெரிய ஆளா காட்டிக்கணும்னு... இயக்குநர் வேற அஞ்சு பாட்டுன்னு...”

“ரொம்ப சந்தோஷம் சார். கடற்கரையில காத்து நல்லா இருந்திருக்கும்.”

“இப்படிப் பேசாதீங்க. திட்டுங்க. உங்க பேரைப் போடச் சொல்றேன். இப்பவே...”

கம்பி கீழே விழுந்தது. அவள் திரும்பினாள்.

“பேரு யாருக்கு வேணும்? நான் பேரு கேட்டேனா? அங்க வந்து நின்னேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? ‘அந்த மழையில நாங்க ரெண்டு பேரும்’னு நீங்க சொல்லுவீங்க, அதைக் கேட்கணும்னு வந்தேன். அந்த ஒரு மத்தியானம்... எனக்கு அது பெருசு. நீங்க அதை எடுத்துக் கடல்ல போட்டுட்டீங்க.” குரல் லேசாக உடைந்தது, உடனே சரிசெய்துகொண்டாள். “இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. புதன்கிழமையும் வியாழக்கிழமையும் இங்க அறுக்கறதுக்கு ஒரு வேலையும் கிடையாது. வேண்டாத கம்பியை எடுத்து வெச்சு அறுத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு மணிக்கு ஒருத்தர் ஓடி வந்து திட்டுவாரேன்னு...”

அவள் விழுந்த கம்பியை எடுத்து அடுக்கில் போட்டாள்.

“எங்கிட்ட வந்து உண்மை சொல்லி என்ன பிரயோஜனம்? பொய்யை அங்கதானே சொன்னீங்க?”

அவன் திரும்பி நடந்தான். சாலையைக் கடக்கும்போது ஐந்து பாட்டையும் ஒன்றொன்றாக எண்ணிப் பார்த்தான். ஐந்தாவதில் எதிர்ப்புறம் வந்துவிட்டது.

“மறுபடி கேமராவை வைங்க,” என்றான் விளம்பரப் பெண்ணிடம். “முன்னாடி சொன்னதெல்லாம் பொய்.”

இயக்குநர் தோளிலிருந்து கையை எடுத்தார்.

“நான் இந்த வருஷம் கடலைப் பார்க்கவே இல்ல. அதிகாலையையும் பார்த்ததில்ல, நான் ஒன்பது மணிக்குத்தான் எந்திரிப்பேன். இளங்கவின்னு யாரும் எனக்குப் பட்டம் குடுக்கல, நானே அச்சடிச்சுக்கிட்டேன். எஃகுக்கு எதுகை தேடி நாலு நாள் முட்டிக்கிட்டேன். மக்கு வரைக்கும்தான் வந்தேன். எதிர்ப் பட்டறையில ஒருத்தங்க இருக்காங்க. அவங்க தகட்டைத் தட்டிக் காட்டினாங்க. கையை வைன்னு சொன்னாங்க. இந்தப் பாட்டுல நல்லா இருக்கிறதெல்லாம் அவங்களோடது. நான் எழுதி எடுத்தவன், அவ்வளவுதான். எழுதும்போது ஒரு பேனா கசிஞ்சுது, அதுவும் உண்மை. அவங்க ஊதா நிறச் சட்டை... இல்ல, அது இன்னிக்கு... அவங்க முகமூடியைத் தூக்கின அந்த நிமிஷத்துலேர்ந்தே நான்...”

நிறுத்திவிட்டான்.

“நீங்க?” என்றாள் விளம்பரப் பெண், கேமராவுக்குப் பின்னாலிருந்து, மூச்சு விடாமல்.

“...அவ்வளவுதான்.”

இயக்குநர் தாடியைத் தடவினார். “அஞ்சு பாட்டு விஷயம்... பார்க்கலாம் தம்பி.” சினிமாவில் ‘பார்க்கலாம்’ என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். ஆச்சரியமாக, வலிக்கவில்லை. “ஆனா இந்தப் பாட்டு இருக்கட்டும். பாட்டுல பொய் இல்ல.”

“அதெல்லாம் அப்புறம்,” என்றார் இசையமைப்பாளர். “என் டங்கைக் கூட்டிட்டு வாங்கய்யா!”

கூட்டிவர யாரும் போகவேண்டியிருக்கவில்லை. விளம்பரப் பெண் ஏற்கெனவே சாலையைக் கடந்து ஓடியிருந்தாள், கையில் பதிவுசெய்த கேமராவோடு. ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. பட்டறை வாசலில் அவள் அந்தச் சின்னத் திரையைப் பார்க்கிறாள். அவள் தோளுக்கு மேல் அப்பா எட்டிப் பார்க்கிறார். “ஒம்பது மணிக்குத்தான் எந்திரிப்பானா?” என்று அவர் அதிர்ந்துபோய்க் கேட்டது எதிர்ப்புறம் வரை தெளிவாகக் கேட்டது. அவள் இன்னொரு தடவை பார்க்கிறாள்... மூன்றாவது தடவையும்...

பிறகு படிக்கட்டில் காலடிச் சத்தம்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். தகடு இல்லை, சுத்தியல் இல்லை. வெறும் கை. மூச்சு இரைத்தது. நேராக வந்து அவன் முன்னால் நின்றாள்.

“கருநீலம்,” என்றாள்.

“என்னது?”

“சட்டை. ஊதா இல்ல, கருநீலம். அப்புறம், பாதியில நிறுத்திட்டீங்களே கவிஞரே... ‘அந்த நிமிஷத்துலேர்ந்தே நான்’. மீதி என்ன?”

கவிஞரே! சார் போய்விட்டது! அவன் நெஞ்சு எகிறிக் குதித்தது. இயக்குநர், இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர், பாட வந்த பாடகி என்று அத்தனை பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து வருடச் சரக்கு முழுவதையும் அவன் உள்ளே துழாவினான். நிலா வந்தது. தூரப் போ என்றான். தென்றல் வந்தது. நீயும்தான் என்றான்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு,” என்றான். “ரொம்பப் பிடிச்சிருக்கு. வேற மாதிரி சொல்ல வரல.”

அவள் தலை குனிந்துகொண்டாள். கழுத்திலிருந்து ஒரு சிவப்பு மெல்ல மேலேறி, கன்னத்துக்கு வந்து, காது நுனியில் போய் நின்றது. நிமிர்ந்தபோது அந்தப் பெரிய கண்கள் இரண்டும் தளும்பிக்கொண்டிருந்தன. இதழ் மட்டும் சிரித்தது.

“வேற மாதிரி சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்,” என்றாள். பிறகு, அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில், “எனக்கும்... ரொம்ப.”